ஜூலையில் நின்ற மீட்டர்

டெல்ஃபினா அன்று கையெழுத்துப் போடத்தான் போனாள். பேனாவைக்கூட வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தாள். அறுபத்துமூன்று வயது, இரண்டு முட்டியும் போச்சு. கிணற்று உரிமையை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு டென்வரில் மகளுக்குப் பக்கத்தில், படியேறத் தேவையில்லாத ஒரு சின்ன வீடு வாங்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது. கிணறுகளை விலைக்கு வாங்கி நிரந்தரமாக மூட அரசாங்கமே முன்வந்திருந்தது. நல்ல காரியம்தானே!

பள்ளிக்கூட ஹாலில் மேசை போட்டிருந்த அதிகாரி மார்சி, காகிதத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"உங்க மீட்டர் ரொம்பக் கம்மியா ஓடியிருக்கு. இந்த வருஷத்தையும் சேத்து அஞ்சு வருஷத்துல எந்த வருஷம் அதிகமா இறைச்சீங்களோ, அதை வச்சுத்தான் விலை."

காகிதத்தில் இருந்த தொகை, பக்கத்து நிலத்துக்காரன் ஆர்விலுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு! இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே மாதிரிக் கிணறு. இந்தக் காசில் டென்வரில் வீடு எங்கே வாங்குவது?

வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? பார்லியை அறுத்து வண்டியேற்றிய பிறகும் செப்டம்பர் முழுக்க வெறும் தரைக்குத் தண்ணீர் இறைக்கிறவன் ஆர்வில். கேட்டால், பயன்படுத்தாத உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள் என்பான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். டெல்ஃபினாதான் உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்து, மீதி நிலத்தில் பார்லி போட்டு, ஜூலையிலேயே பம்பை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்போ மிச்சம் புடிச்சதுக்குத் தண்டனையா?"

"விதி அப்படி. நான் என்ன பண்ண?" மார்சி குரலைத் தாழ்த்தினாள். "சீசன் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. பம்பை முழுசா ஓடவிடுங்க. விலை ஏறும்."

டெல்ஃபினா காகிதத்தை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். பேனா மேசையிலேயே கிடந்தது.

மத்தியானம் ஆர்வில் அவள் நிலத்துக்கே வந்துவிட்டான்.

"என்ன யோசனை? போடு சுவிட்சை!"

"அறுத்த நிலத்துக்கா?"

"கல்லுக்கு ஊத்து. மீட்டருக்கு என்ன தெரியும்?"

"வெக்கமா இல்லையா உனக்கு?"

"வெக்கத்துக்கு எவன் விலை குடுக்குறான்? டென்வர் வீடு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். ரொம்பவே வேண்டும். சுவிட்சைப் போட்டாள்.

நிலத்தின் குறுக்கே, சக்கரங்கள்மேல் நின்ற நீண்ட இரும்புக் குழாய் சிலிர்த்துக்கொண்டு நகர்ந்தது. அறுத்த பார்லித் தாள்மேல் தண்ணீர் பொழிந்தது. மீட்டர் முள் கிறுகிறுவென்று சுற்றியது. சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீர் வழிந்து ரோட்டுக்கே போய்விட்டது. ஆர்வில் பூட்ஸ் நனையாமல் தள்ளி நின்று சிரித்தான்.

"பாத்தியா? இவ்வளவுதான் வேலை!"

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தானும் அவனும் ஒன்றாகிவிட்ட மாதிரி அல்லவா சிரிக்கிறான்! பட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"பைத்தியமா உனக்கு?"

"ஆமாய்யா, பைத்தியம்தான். கெளம்பு!"

மறுநாள் காலை மார்சியின் மேசையில் கையெழுத்தில்லாத காகிதத்தை வைத்தாள்.

"யோசிங்க. இந்த வாய்ப்பு திரும்ப வராது."

"யோசிச்சாச்சு. வீணாக்கினவனுக்குக் காசு குடுத்து அனுப்புறீங்க, அனுப்புங்க. அவன் கிணறு மூடினா பள்ளத்தாக்குக்கு நல்லதுதான். ஆனா எல்லாக் கிணறும் திறந்திருந்தப்பவே தானா நிறுத்தினவ நான். அப்பவும் எனக்கு ஒருத்தரும் காசு குடுக்கல. அடுத்த ஜூலையிலயும் நிறுத்துவேன், நீங்க வந்து பாத்துக்கலாம்."

"முட்டி வலின்னு சொன்னீங்களே?"

"வலிக்கும். வலிக்கட்டும்." டெல்ஃபினா கையை நீட்டினாள். "அந்தப் பேனா என்னோடது, குடும்மா. விதைக்கிழங்குக்கு ஆர்டர் எழுதணும்."