இடது பக்கத்து ஷிம்

கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும், கலீமுல்லா தரையில் விரித்திருந்த காக்கித் துணியை மடிக்கக் குனிந்தான். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டான். துணியின் மூலையில், கிரீஸ் தடவிய மெல்லிய தகட்டு வளையம் ஒன்று மினுங்கிக்கொண்டு கிடந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டாக்டரம்மாவின் வண்டியில், இடது பின் சக்கரத்துக்கு உள்ளே இருக்க வேண்டிய ஷிம் அது.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட பட்டறை அவனுடையது. மயிலாப்பூர் டாக்டர் நீரஜா தன் அப்பா வைத்துவிட்டுப் போன பழைய அமெரிக்கக் காரைத் தானே ஓட்டுவாள். எந்தக் கோளாறு வந்தாலும் கலீமுல்லாவிடம்தான் கொண்டுவருவாள். இந்தத் தடவை வந்தபோது, "திரும்பறச்சே எல்லாம் பின்னாடி டொக்குனு ஒரு சத்தம் வரது பாய். ஏதோ உள்ள போயிட்டுப் போயிட்டு வர மாதிரி இருக்கு" என்றாள். அவன் பின் சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளிப் பார்த்தான். சக்கரம் மாட்டியிருந்த அச்சு, ஆக்ஸில், உள்ளுக்கும் வெளிக்குமாக நன்றாகவே ஆடியது.

அந்த ஆட்டத்தைக் குறைப்பதற்கு வழி ஷிம்தான். சக்கரத்துக்குப் பின்னால், பேரிங்கை ஒட்டி அடுக்கியிருக்கும் தகட்டு வளையங்கள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க ஆட்டம் குறையும். ஆனால் ஒரேயடியாக எடுத்துவிடவும் கூடாது. தலைமுடி கனத்துக்காவது ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் பேரிங் இறுகிப்போகும். ஓட ஓடச் சூடேறும். கிரீஸ் உருகி வழிந்துவிடும். அப்புறம் சக்கரம் எங்கே, எப்போது சிக்கி நின்றுவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காலையில் அவன் இடது பக்கம் ஒரு கனமான ஷிம்மை எடுத்துவிட்டு முடுக்கிப் பார்த்தான். இறுகிவிட்டது. சரி, அதற்குப் பதிலாக மெல்லியது ஒன்றைப் போடலாம் என்று கழற்றி, பொறுக்கி எடுத்து, கிரீஸ் தடவித் துணிமேல் வைத்தான். அந்த நேரத்தில்தான் நீரஜா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கையில் மருந்துப் பெட்டி.

"பாய், வண்டி எனக்கு உடனே வேணும். ஈஞ்சம்பாக்கத்துலேர்ந்து ஆள் வந்திருக்கு. கன்னியம்மானு ஒரு பொண்ணு, தலைச்சன் பிரசவம். ராத்திரியிலேர்ந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்குன்னு மருத்துவச்சி சொல்லி அனுப்பியிருக்கா."

"இதோ ஆச்சு டாக்டரம்மா."

அவள் உட்காரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தாள். அவன் கைகள் பரபரத்தன. பேரிங்கை மூடும் பின்தட்டை மாட்டினான், பிரேக் டிரம்மை மாட்டினான், நட்டை முடுக்கினான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது கொஞ்சம் இழுத்துப் பிடித்ததுதான். புதிதாகச் சரிசெய்த பிரேக் உராய்கிறது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டான். துணிமேல் வைத்த ஷிம் அவன் நினைவிலேயே இல்லை.

இப்போது அது உள்ளங்கையில் கிடந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த அவன் மனைவி குல்சும், அவன் முகத்தைப் பார்த்து நின்றாள். "இன்னாச்சு?"

"ஷிம் போடாம வண்டிய அனுப்பிட்டேன்."

"அவங்க எவ்ளோ தூரம் போவாங்க?"

"ஈஞ்சம்பாக்கம்."

குல்சும் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுச் சந்துக்குள் ஓடினாள். பக்கத்து வீட்டு மெஹபூப் பாஷா அப்போதுதான் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தான். ஜாக்கி, டிரம் இழுக்கும் புல்லர், கிரீஸ் டப்பா, ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் பின்சீட்டில் திணித்துவிட்டு, நடுவில் கலீமுல்லா ஒடுங்கி உட்கார்ந்தான். ஷிம்மை ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"எங்கயாவது வழியில நின்னுக்கினு இருப்பாங்க, பயப்படாத" என்றான் பாஷா.

நின்றிருந்தால் நல்லது. நிற்காமல் வேகமாகப் போனால்? டாக்டரம்மா மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை. அதுவும் இன்றைக்கு. ஓடுகிற வேகத்தில் இடது சக்கரம் மட்டும் சிக்கினால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவனுக்குத் தெரியும். எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும் என்பதையும் அவன் நினைத்தான். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

லஸ் முனையில் கூட்டம். மந்தைவெளியில் ஒரு மாட்டுவண்டி வழியை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அடையாறு பாலத்தை நெருங்கும்போது ஜனங்கள் வட்டமாகக் கூடி நின்றார்கள். கலீமுல்லா ஓடுகிற ஆட்டோவிலிருந்தே குதித்துவிட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கைவண்டி ஒன்று கவிழ்ந்து, ரோடு முழுக்க வெங்காயம் உருண்டு கிடந்தது. வண்டிக்காரன் யாரையோ திட்டிக்கொண்டே பொறுக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து ஏறிக்கொண்டு, "போ பாஷா" என்றான்.

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து சவுக்குத் தோப்பு ஆரம்பித்தது. மணல் ஏறிய குறுகலான ரோடு. கொஞ்ச தூரத்தில், தோப்பை ஒட்டி, அந்த நீளமான பச்சைக் கார் ஒரு பக்கமாக நின்றிருந்தது. பக்கத்தில் நீரஜா, பெட்டியைக் கையில் பிடித்தபடி, ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை முழுசாகப் பார்த்த பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

"கருகற வாசனை வந்தது. நிறுத்திட்டேன்" என்றாள் அவள். "தொட்டுப் பார்த்தேன், கையை வைக்க முடியலை." ஆள்காட்டி விரலின் நுனி சிவந்திருந்தது. "நீங்க எப்படி வந்தேள்? என்ன ஆச்சு இதுக்கு?"

பேரிங் பழசு, அதனால் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து நீட்டினான்.

"இத்த உள்ள வெக்க மறந்துட்டேன் டாக்டரம்மா. தப்பு என்னுது."

அவள் அந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கோபம் வந்தது தெரிந்தது, உதடு இறுகியது. ஆனால் பேசும்போது குரல் உயரவில்லை.

"இங்கேயே சரி பண்ண முடியுமா?"

"முடியும்."

"ஆட்டோவில நான் முன்னாடி போறேன். அந்தப் பொண்ணை ஆட்டோவுல உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியாது. படுக்க வெச்சுதான் கொண்டுவரணும். கார் வந்தே ஆகணும் பாய்."

ஜாக்கியையும் சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டு ஆட்டோ அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

ரோட்டில் அவன் மட்டும் இருந்தான். கடல் காற்று மணலை வாரி அடித்தது. பேரிங்குக்குள் ஒரு மணல் விழுந்தாலும் தீர்ந்தது. சட்டையைக் கழற்றிக் காற்று வரும் பக்கம் சக்கரத்துக்கு மறைப்பாகக் கட்டினான். ஜாக்கியின் அடி மணலில் புதைந்தது. தோப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்து வந்து அண்டை கொடுத்தான். டிரம் இன்னும் கொதித்தது. ஆறட்டும் என்று காத்திருக்க மனசு கேட்கவில்லை. பனியனைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு புல்லரை மாட்டித் திருகினான். திருகத் திருக அது அசையவே இல்லை. ஸ்பேனரின் மேல் காலை வைத்து முழு பலத்தோடு மிதித்தான். டப்பென்று ஒரு சத்தத்தோடு டிரம் விட்டுக்கொடுத்தது.

பின்னால் இருந்த தட்டைக் கழற்றும்போது கை தானாகவே நிதானமாயிற்று. அதோடு சேர்ந்த பிரேக் பைப் ஒடிந்துவிட்டால் எல்லாம் போச்சு. துளித்துளியாக வளைத்து, இழுத்து, வெளியே எடுத்தான். உள்ளே கிரீஸ் தண்ணீராகிக் கறுத்திருந்தது. பேரிங்கின் உருளைகளைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு மூன்று உருளைகளில் லேசான நீலம் ஓடியிருந்தது. சூடு கண்ட இரும்பு. கீறலும் வெடிப்பும் இல்லை. நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். இருந்தும் சந்தேகம் தீரவில்லை. பட்டறையாக இருந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுவான். இங்கே வேறு வழி இல்லை.

புது கிரீஸை விரலால் அமுக்கி நிரப்பினான். ஷிம்மை எடுத்து நுழைத்தான். தட்டு, நட்டு, டிரம். முடுக்கிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தான், தள்ளினான். உள்ளே மிக மெல்லிசாக, டிக் என்று ஒரு அசைவு. சுற்றிவிட்டான். சக்கரம் தங்கு தடையில்லாமல் சுழன்றது. அப்படியும் நம்பாமல் எல்லா நட்டுகளையும் திரும்ப ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

ஈஞ்சம்பாக்கம் போகிற வரை அவன் காது முழுக்க இடது பக்கமே இருந்தது. இரண்டு இடத்தில் இறங்கி டிரம்மைத் தொட்டான். சூடு இருந்தது. கை பொறுக்கிற சூடுதான்.

குப்பத்தில் கன்னியம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இருபது வயசுகூட இருக்காது. முகம் வெளிறிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

நீரஜா காரைப் பார்த்ததும் எழுந்து வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள். "தாங்குமா?"

"ஷிம் சரியா இருக்கு. ஆனா பேரிங் சூடு கண்டுக்கீது. மெதுவாப் போனா தாங்கும். வேகமாப் போனா என்னால சொல்ல முடியாது."

"மெதுவாப் போனா இவ தாங்க மாட்டா."

நீரஜா காரின் பின்கதவைத் திறந்தாள்.

"நான் பின்னாடி அவளோட உக்காந்துக்கணும். நீங்கதான் ஓட்டணும்" என்றாள் நீரஜா. "எவ்வளவு வேகம்ங்கிறதை நீங்களே பார்த்துக்கோங்கோ. நான் கேக்க மாட்டேன்."

பின்சீட்டில் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். கலீமுல்லா ஓட்டினான். பள்ளம் வந்தால் அவள் அலறினாள்; வேகம் குறைந்தால் டாக்டர் மூச்சை இழுத்துப் பிடிப்பது அவனுக்குக் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த புருஷன், "சாமி, சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். திருவான்மியூரில் நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கலீமுல்லா முதலில் நினைத்திருந்தான். பின்னாலிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. நிறுத்தவில்லை. அடையாறு பாலத்தின் மேல் ஏதோ கரகரவென்று கேட்டது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பக்கத்தில் போன லாரியின் சங்கிலிச் சத்தம் அது. லாரி முந்திப் போனதும் சத்தமும் போயிற்று.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழைந்து நின்றபோது அவனால் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை உடனே எடுக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் கன்னியம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீரஜா கூடவே ஓடினாள்.

அவன் இறங்கிப்போய் இடது டிரம்மைத் தொட்டான். சுட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். பொறுக்க முடிந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், வெற்றுடம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாஷா போய் விஷயத்தைச் சொல்ல, குல்சும் ஒரு சட்டையும் தூக்குச் சாப்பாடும் கொண்டுவந்தாள். சட்டையைப் போட்டுக்கொண்டான். சாப்பிட முடியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் நீரஜா வெளியே வந்தாள். புடவையெல்லாம் கசங்கியிருந்தது.

"ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தா. பொண் குழந்தை. கொஞ்ச நேரம் அழவே இல்லை, அப்புறம் அழுதது. அம்மாவுக்கு ரத்தம் ஏத்திண்டிருக்கா. பிழைச்சுடுவா."

கலீமுல்லா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். குல்சும் அவன் தோளில் கை வைத்தாள்.

"நான் மறக்காம இருந்திருந்தா இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றான்.

"ஆமாம்" என்றாள் நீரஜா. இல்லை என்று சொல்லித் தேற்றவில்லை. அவன் நீட்டிய கார் சாவியை வாங்காமல் அவனிடமே தள்ளினாள். "புது பேரிங் போட்டுடுங்கோ. நிதானமாப் போடுங்கோ. நான் பக்கத்துல வந்து நின்னுண்டு அவசரப்படுத்த மாட்டேன்."

அவள் ரிக்‌ஷா தேடி வாசலை நோக்கி நடந்தாள். கலீமுல்லா குல்சுமை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, பட்டறை வரை காரை உருட்டுவதுபோல மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.