ஒன்றரை மணிக்கு இறங்கும் கொடிகள்

1985 நவம்பர் பதினோராம் திகதி தொடக்கம் சுவிஸின் பீல் நகரத்தில், பகல் சரியாக ஒன்றரை மணிக்கு, ஒருவரும் கை வைக்காமலே கொடிகள் கம்பத்தை விட்டு இறங்கின. கிழமை நாட்களில் பழைய சந்தைப் பக்கத்துக் கொடிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக் கொடி. நகரசபை முதலில் கயிற்றை மாற்றியது, பிறகு கம்பத்துக்கு எண்ணெய் பூசியது, பிறகு எண்ணெய்தான் வழுக்குகிறது என்று அதையும் துடைத்துவிட்டது. கொடிகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்து அதற்கே நேரம் வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் பீலில் செய்த கைக்கடிகாரங்கள் நூறு வருடத்துக்கு அரைச் செக்கனும் பிசகமாட்டா என்பது ஊரில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். அதே கிழமை வெங்காயம் விலை ஏறியது. ஊர் அதைப்பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தது.

கொடிகள் இறங்கியது, அந்தப் பதினோராம் திகதி அகதியாகப் பீலுக்கு வந்துசேர்ந்த சவிரிமுத்தரின் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்துக்கு. மன்னார் பேசாலைக்காரர், நாற்பத்துநாலு வயது, சந்தைக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். பதினெட்டு வயதில் கோயில் பாண்டில் ஊதிக்கொண்டிருந்த ஆளை, மூச்சு நீளம் என்று இலங்கை இராணுவம் கூட்டிக்கொண்டு போய் பியூகிள்காரன் ஆக்கியது. இருபத்துநாலு வருடம் ஊதினார். கடைசி நாலு வருடமும் யாழ்ப்பாண முகாமில், மாலை ஆறு மணிக்குக் கொடி இறக்குகிற ஊதல். 83 ஆடியில் நாடு எரிந்த கிழமையும் ஆறு மணிக்கு ஒழுங்காக ஊதி முடித்தார், பியூகிளை ஆணியில் கொழுவினார், சிகரெட் வாங்கப் போகிறேன் என்று வாசலால் வெளியே வந்தார், திரும்பிப் போகவில்லை. பியூகிளை விட்டுவந்தாரே தவிர ஊதல் அவரோடு வந்துவிட்டது. இலங்கையில் ஆறு மணியாகிற நேரம், உதடு அசையாமல், நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்து அது கணீரென்று கிளம்பும். அது பீலில் பகல் ஒன்றரை. சுவிஸ்காரர் பங்குனியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினால் அவருடைய நெஞ்சு தள்ளாது. கோடை முழுக்க இரண்டரைக்குத்தான் ஊதும்.

கொழும்புக்கு அவர் தப்பியோடிய சிப்பாய். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், பிறகு ஆள் இருந்த இடம் தெரியாது. இயக்கப் பொடியளுக்கு அவர் ஆமிக்காரன். அவர்கள் விசாரிக்கத் தொடங்கினால் பேசாலையில் இருக்கிற மனைவி பற்றிமாவின் வீட்டில் முடியும். அகதி விண்ணப்பம் எழுதிய அன்று, பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவர் இருந்தபடியால், தொழில் என்ன என்ற கேள்விக்கு அவருடைய வாய் தானாக ‘மீன்பிடி’ என்றது. அன்றைக்குப் பிடித்த பயம். அது எவ்வளவு பெரிய பயமென்றால், அவர் படுத்த கட்டில் நடுங்கி நடுங்கி ஒவ்வொரு கிழமையும் ஒரு முழம் நகர்ந்து, வருட முடிவில் அறையை இரண்டு தரம் சுற்றி வந்திருந்தது.

கடையில் ஒன்றரைக்கு முந்தி கோப்பை கழுவும் மெஷினை முடுக்கிவிடுவார். அதன் இரைச்சலில் ஊதல் அமுங்கும். ஞாயிறுகளில் ரயில் நிலையத்துக்கு ஓடுவார். ஒன்று இருபத்தொன்பதுக்கு வருகிற கடுகதி ரயில் ஒன்றரைக்குத் தடதடவென்று கிளம்பும். ஒரு ஞாயிறு அது இரண்டு நிமிஷம் பிந்தியது. சுவிஸ் ரயில் பிந்தியதே முதல் அதிசயம். அன்றைக்கு மேடை முழுக்க ஊதல் கேட்டது. நிலைய அதிபர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார், அவருடைய நாயும் உட்கார்ந்துவிட்டது. நல்லகாலம், அங்கே தமிழர் ஒருவரும் இல்லை.

வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். அதில் வட்டுக்கோட்டை உருத்திரமூர்த்திக்கு ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே கண் சிவக்கும். தமையனை முகாமுக்குள் கொண்டுபோய்த் திருப்பித் தராத கோபம். லீவு நாளொன்றில் சவிரிமுத்தர் கோட்டை மாட்டுவதைக் கண்டு அவன் கேட்டான்.

“சவிரியண்ணை, ஒன்றரை எண்டதும் எங்க ஓடுறியள்? வயித்தாலை போகுதோ?”

“குளிர் ஒத்துவரேல்லை தம்பி.”

“குளிர் எண்டால் வீட்டுக்கையெல்லோ இருக்கோணும்!” என்று சிரித்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டே பிறகு சொன்னான்: “ஆமியில இருந்த தமிழன் ஒருத்தன் இந்தப் பக்கம் வந்து ஒளிச்சிருக்கிறானாம். ஆம்பிட்டால் விடமாட்டன், அண்ணை.”

சவிரிமுத்தர் படியிறங்கினார். அன்றைக்கு ரயில் நிலையம் வரைக்கும் அவருடைய நிழல் கூட வரவில்லை. வீட்டிலேயே பதுங்கி நின்றுவிட்டது.

87 தைமாதம் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மன்னார் மீனவர் ஒருவர் கொழும்பில் பயமில்லாமல் வாழலாம், ஆகவே பங்குனி முடியுமுன் நாட்டை விட்டுப் போகவேண்டும். மேன்முறையீடு போட்டார். கடைசியாக ஒருதரம் கேட்பதற்கு பேர்ணில் உள்ள கந்தோருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மாசி பன்னிரண்டு, பகல் ஒன்றேகால். நேரத்தை மாற்றக் கேட்டார், மாற்றமுடியாது என்றார்கள். அன்று காலை நெஞ்சைச் சுற்றி ஏழு மீற்றர் பண்டேஜ் கட்டினார், அதற்கு மேல் மூன்று சுவெட்டர், அதற்கு மேல் கோட்டு. பந்துபோல உருண்டுதான் ரயிலேறினார். ஆமி என்று சொன்னால் பேசாலை, சொல்லாவிட்டால் கொழும்பு. வழி முழுக்க இந்த இரண்டும்தான் ஓடின.

விசாரிக்கிற அதிகாரி கேர்பர் என்ற சிவந்த மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஜெகதீஸ்வரன், யாழ்ப்பாணத்துப் பொடியன், இடது காது கொஞ்சம் மந்தம். அவனும் பீலில்தான் இருக்கிறான். “அண்ணை, பயப்பிடாதேங்கோ. கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ” என்று தண்ணீர் எடுத்து வைத்தான். ஏன் திரும்பிப் போகமுடியாது என்று கேர்பர் கேட்டார். சவிரிமுத்தர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று இருபத்தெட்டு. கேர்பர் இன்னொருதரம் கேட்டார். பண்டேஜ் ஒவ்வொரு சுற்றாக அவிழ்கிற சத்தம் கோட்டுக்குள் கேட்டது.

ஒன்றரைக்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே கந்தோர்க் கொடி ஒரு மடிப்பும் குலையாமல் இறங்கி வந்தது. வருடம் தவறாமல் பட்டாளப் பயிற்சிக்குப் போகிற கேர்பரின் கால்கள் அவரைக் கேளாமலே எழும்பி விறைத்து நின்றன. ஜெகதீஸ்வரனோ கதிரையிலிருந்து பக்கவாட்டில் காலைத் தூக்கி இறங்கினான், தலையைக் குனிந்தான், இரண்டு கைகளும் காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. யாழ்ப்பாண முகாம் வீதியில் ஆறு மணிக்கு ஊதல் கேட்டால் போகிற வருகிற சனமெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, தலை குனிந்து, முடியும்வரை நிற்கவேண்டும். நாலு வருடம் ரியூசன் முடிந்து அந்த வீதியால் வந்தவன் அவன். ஒருநாள் காற்சட்டை சங்கிலியில் சிக்கி இறங்கப் பிந்தியதற்கு விழுந்த அடிதான் அந்த இடது காது.

ஊதல் நின்றது. கேர்பர் மெல்ல உட்கார்ந்து ஏதோ கேட்டார். ஜெகதீஸ்வரன் உட்காரவில்லை. சவிரிமுத்தரைப் பார்த்தான். பிறகு தமிழில் சொன்னான்.

“எந்த ஆமியில இருந்தனீர் எண்டு கேக்கிறார்.”

அண்ணையும் போய், நீங்களும் போய், நீர் வந்துவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சவிரிமுத்தர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நாளும் சுட்டதில்லை, ஊதியதுதான் என்றார். “நான் ஊதேக்க றோட்டில சனம் இறங்கி நிக்கிறது எனக்குத் தெரியும். நான் வானத்தைப் பாத்துக்கொண்டு ஊதுவன்” என்றார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஜெகதீஸ்வரன் மொழிபெயர்த்தான். கடைசி வசனத்தை மட்டும் இரண்டுதரம் சொன்னான்.

பீலுக்குத் திரும்புகிற ரயிலில் அவன் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தான். சவிரிமுத்தரின் முழங்கால்கள் அடித்துக்கொண்ட அடியில் முன்பெட்டிக்காரர்கள் தண்டவாளத்தில் ஏதோ பிழை என்று எழும்பிப் பார்த்தார்கள்.

“பயப்பிடாதையும். அங்க கேட்டதை வெளியில சொல்லுறது என்ர வேலை இல்லை.”

“பெரிய உபகாரம், தம்பி.”

“உபகாரமோ? நீர் எனக்கொரு கடன் தீர்க்கோணும். ஒளிச்சு ஊதாமல் ஒருநாள் வெளியில வந்து நில்லும். நான் சைக்கிளில உம்மைத் தாண்டிப் போகோணும். இறங்காமல் போகோணும்.”

வைகாசியில் தீர்ப்பு வந்தது. அகதி என்று ஏற்கமுடியாது. ஆனால் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதால், தற்காலிகமாக, வருடத்துக்கு வருடம் பார்த்து இருக்கவிடலாம். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் கேர்பர், ‘ஒன்றரைக்கு ஒலிக்கும், கோடையில் இரண்டரைக்கு’ என்று எழுதியிருந்தார். புரட்டாதியில் பற்றிமாவின் கடிதம் வந்தது: பிள்ளைகளோடு கடல் தாண்டி மண்டபம் அகதி முகாமுக்கு வந்திட்டம், இனி எங்களை நினைச்சு நடுங்காதையுங்கோ. அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, மணிக்கூட்டைப் பின்னே தள்ளியபிறகு ஐப்பசியில் வந்த முதல் ஞாயிறு, சவிரிமுத்தர் ஏரிக்கரைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் போய் வெளிப்படையாக நின்றார். வியர்வை சப்பாத்துக்குள் நிறைந்து ஏரி இரண்டு விரல் உயர்ந்தது. தோட்டங்களில் சுவிஸ்காரர் ஏற்றியிருந்த கொடிகள் வரிசையாக இறங்கின. ஜெகதீஸ்வரன் சைக்கிளில் வேகமாக வந்தான். ஊதல் காதில் பட்டதும் கால் தானாகத் தரையில் விழுந்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

மூன்றாவது ஞாயிறு, சந்தேகத்தில் பின்தொடர்ந்து வந்த உருத்திரமூர்த்தி மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். கை கோட்டுப் பைக்குள் இருந்தது. சவிரிமுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்காததால் திறந்து பார்த்தபோது, உருத்திரமூர்த்தியின் தலை குனிந்திருந்தது. ஊதல் முடிந்தும் அவனால் அதை நிமிர்த்த முடியவில்லை. அழுதானா வைதானா என்று தெரியவில்லை. பிறகு ஜெகதீஸ்வரனிடம் திரும்பினான்.

“இஞ்சை தாரும் ஐசே அந்தச் சைக்கிளை. வாற ஞாயிறு நானும் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்.”

சவிரிமுத்தரோடு அவன் ஒரு வருடம் கதைக்கவில்லை. சோறு மட்டும் அவருக்கும் சேர்த்துப் போட்டான்.

மார்கழி ஆறாம் திகதி ஜெகதீஸ்வரன் இறங்காமல் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. மழை பெய்தது, பெடலை மிதித்தபடியே ஏரி வளைவில் மறைந்தான். செய்தி பரவி, திரிம்பாக்கிலிருந்தும் டீட்டிகோனிலிருந்தும் ஆட்கள் ரயிலில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஞாயிறு வரிசை நகர எல்லையைத் தாண்டி நின்றதாகக் கணக்கு. சிலருக்கு முதல் நாளே சரிவந்தது, சிலர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். சவிரிமுத்தர் வருடா வருடம் சித்திரையில் காகிதத்தைப் புதுப்பிக்கப் போகும்போது கட்டில் பழையபடி ஒரு முழம் நகர்கிறது. தோட்டக்காரச் சுவிஸ் கிழவர்கள் ஒன்றரைக்கு முந்தியே கோப்பியை முடித்துவிட்டு எழும்பி நிற்கிறார்கள்: கொடி இறங்கும், தமிழர்கள் சைக்கிளில் போவார்கள், பிறகு கொடியைத் திரும்ப ஏற்றவேண்டும்.