பூட்டில் விட்ட சாவி

எங்கள் ஊர் எண்ணூறு வருடப் பழமை வாய்ந்தது என்று மேயர் உல்தெரிகோ போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். ஆனால் அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. இடித்துக் கட்டக் கையில் காசு இருந்திருந்தால் எங்கள் பாட்டன்மார் ஊரின் பழைய கோபுரத்தை என்றைக்கோ சாய்த்திருப்பார்கள். வறுமை விட்டுவைத்ததற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டத்தான் ஊருக்கு ஒரு மேயர் தேவைப்படுகிறார். அவர் இங்கே குடியிருக்கவில்லை. கீழே பள்ளத்தாக்கில், குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வீட்டில் இருக்கிறார்.

எங்கள் ரொக்காவெந்தாவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி அறுபத்தொரு வீடுகள். எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அறியக் கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். கதவுகளைப் பார்த்தால் போதும். நாங்கள் சாவியை வெளிப்பக்கம் பூட்டிலேயே விட்டுவைப்பவர்கள். காட்டுக்குப் போனாலும், ஆபரேஷனுக்கு நகரத்துக்குப் போனாலும் சாவி அங்கேயே தொங்கும். உப்பு வேண்டியவர் திருப்பித் திறந்து எடுத்துக்கொள்வார். வீட்டின் கடைசி ஆள் சவப்பெட்டியில் வெளியேறும் நாளில்தான் உறவுக்காரர் யாராவது சாவியை உருவுவார்கள். நாங்கள் தொப்பியைக் கழற்றி நிற்போம். யாரும் பேசமாட்டோம். பிறகு அந்தத் துளையில் சிலந்தி குடிவரும்.

போன குளிர்காலத்தில் மிஞ்சியவை மூன்று சாவிகள். ஒன்று என்னுடையது. ஒன்று மேல்தெருவில் பதினோரு ஆடுகளோடு இருக்கும் கிழவர் எர்மெதேயுடையது. மூன்றாவது, என் வாசலுக்கு நேர் எதிரே, நாலடிச் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் லொரேத்தாவுடையது.

லொரேத்தா அங்கே இல்லை. மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று அக்டோபரில் கடலோரத்துக்கு, பெஸ்காராவுக்குப் போனாள். "கிறிஸ்மஸுக்குள்ள வந்துருவேன். ஜெரேனியச் செடிக்குத் தண்ணி ஊத்து. ஊத்தி ஊத்திக் கொன்னுடாதே" என்றாள். கிறிஸ்மஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது, குழந்தைக்குப் பல் வந்தது. அவள் வரவில்லை. சாவி மட்டும் இருந்தது.

இருபத்தாறு வருடம் அந்தச் சந்தில் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். அவள் பூந்தொட்டித் தண்ணீர் என் தலையில் சொட்டுவது. என் ரேடியோவின் சத்தம். அவள் புருஷன் போன பிறகு நான் பிளந்து கொடுத்த விறகின் தடிமன். ஐம்பத்தெட்டு வயதில் சண்டைக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றால், ரேடியோவை எவ்வளவு அலறவிட்டாலும் யாரும் திட்டமாட்டார்கள். அவ்வளவுதான். நான் ரேடியோ போடுவதையே நிறுத்திவிட்டேன்.

தினமும் காலையில் அவள் சாவியைத் திருப்பி உள்ளே போவேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பில் இரண்டு கட்டை எரிப்பேன். சுவரில் ஈரம் ஏறக்கூடாது பாருங்கள் என்று எர்மெதேயிடம் விளக்கம்கூடச் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது. அதனால்தான் அவரிடம் சொன்னேன்.

செப்டம்பரில் மேயர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"குவிரினோ, ரோம்லேர்ந்து கமிட்டி வருது. 'உயிருள்ள இடைக்காலக் கிராமம்'னு பட்டம். கிடைச்சா ஊர் வாசல்ல பித்தளைப் பலகை!"

"பலகையைப் படிக்க ஆளும் அவங்களே அனுப்புவாங்களா?"

"கிண்டல் பண்ணாதேய்யா. ஒரே ஒரு நிபந்தனைதான். குறைஞ்சது இருபது வீட்டுல ஆள் குடியிருக்கணும்."

"ரெண்டு இருக்கு."

"பாக்கி பதினெட்டு பஸ்ல வருது" என்றார் மேயர், முகத்தைத் துளியும் மாற்றாமல். "எல்லாம் இந்த ஊரை விட்டுப் போனவங்கதான். அவங்க வீட்டு வாசல்ல அவங்க உக்காந்தா அது பொய்யா? சாவியையும் கொண்டுவந்து சொருகச் சொல்லிட்டேன். காலையில பத்துக்கு வராங்க, மதியம் சாப்பாடு, நாலு மணிக்குத் திரும்பப் போயிடுவாங்க."

"லொரேத்தா?"

"பட்டியல்ல ஏழாவது பேர்."

அதற்குப் பிறகு அவர் பித்தளையின் எடையைப் பற்றிப் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அவளிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. இருந்துடு. சவரம் செய்யும்போது கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன். போலீஸ்காரன் மிரட்டுகிற மாதிரி இருந்தது. அதனால் வேலையில் இறங்கினேன். அவளுக்குப் பிடித்த மாதிரி விரல் தடிமனில் விறகு பிளந்து, ஒரு குளிர்காலத்துக்குக் காணும் அளவு அவள் சுவரோரம் அடுக்கினேன். பஸ் வருகிற அன்று காலை மலைப்பயறு சூப் வைத்தேன். அவள் வீட்டு அடுப்பிலேயே.

பஸ் மாதா கோயில் வரைதான் ஏறும். பதினெட்டுப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒவ்வொருவராகச் சிலந்தியை ஊதித் தள்ளிவிட்டுச் சாவியைச் சொருகினார்கள். லொரேத்தா நகரத்துக் கோட் போட்டிருந்தாள். முடியைக் குறைத்துச் சாயம் ஏற்றியிருந்தாள்.

"என்ன குவிரினோ, இன்னும் போய்ச் சேரலியா நீ?"

"உன் தொட்டித் தண்ணி நின்னதுலேர்ந்து ஜலதோஷமே வரல. எப்படிச் சாகறது?"

"தொட்டியை ஏன் இந்தப் பக்கம் மாத்தின?"

"வெயில் இங்கதான் படுது."

"இத்தனை வருஷம் அந்தப் பக்கம் இருந்துச்சே, செத்தா போச்சு?" என்றவள் விறகைப் பார்த்தாள். ஒரு கட்டையை எடுத்து விரலோடு வைத்து அளந்தாள். "பரவால்லயே. மெல்லிசாத்தான் பிளந்திருக்க."

இருபத்தாறு வருடத்தில் முதல் பாராட்டு. அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் கீழே முரசு கேட்டது.

மேயர் வெல்வெட் அங்கியும் இறகு வைத்த தொப்பியுமாக வந்தார். பின்னால் வாடகை முரசுக்காரர்கள், இடைக்கால உடையும் இந்தக் கால ஓட்டப்பந்தய ஷூவுமாக. நடுவில் கோப்போடு ஒல்லியாக ஒரு பெண்மணி. கமிட்டியின் டாக்டரம்மா. எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான், காய்ச்சல் வந்தால்தான் உதவமாட்டார்கள். "எண்ணூறு ஆண்டுகளாக எந்தப் புயலுக்கும் தலைவணங்காத..." என்று மேயர் ஆரம்பிக்கவும் காற்று அவர் தொப்பியைத் தூக்கிப் பள்ளத்தாக்கில் போட்டது. வழுக்கையைக் கையால் மூடிக்கொண்டு மிச்சத்தையும் பேசி முடித்தார்.

டாக்டரம்மா எர்மெதேயை மறித்தாள். "இடைக்காலக் கிராமத்துல வாழறது எப்படி இருக்குங்க?"

"என்னது?"

இன்னொரு முறை கத்திக் கேட்டாள்.

"குளிருது" என்று சொல்லிவிட்டு எர்மெதே ஆடுகளோடு போய்விட்டார். டாக்டரம்மா நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டாள்.

அடுத்து லொரேத்தாவின் சாவியைத் திருப்பினாள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வீடுகளில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

"வருஷம் பூரா இங்கதான் இருக்கீங்களா?"

"வேற எங்கம்மா போவேன்?" என்றாள் லொரேத்தா. "கடலோரத்துல ஆறாவது மாடி. லிஃப்ட்ல வர்றவன் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டான், நம்பரைப் பாப்பான். இங்க பனி விழுந்தா இதோ நிக்கறாரே இந்த மனுஷன், தன் வாசலை விட்டுட்டு என் வாசல் பனியைத்தான் முதல்ல தள்ளுவாரு. ரேடியோவை அலற விடுவாரு, திட்டினாக் குறைப்பாரு. அந்த இரைச்சல் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. என்னைப் பொட்டியில வச்சுத்தான் இங்கேர்ந்து தூக்கணும்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. எனக்கும் ஏதோ நின்றது.

கமிட்டி போன பிறகு இருவரும் சூப்புக்கு உட்கார்ந்தோம்.

"லொரேத்தா, அந்தம்மாகிட்ட நீ சொன்னது..."

"நல்லா இருந்துச்சா? பஸ்லயே யோசிச்சு வச்சுட்டேன். மேயர் கண்ணைத் துடைச்சான், பாத்தியா?"

"பாத்தேன்."

கரண்டியால் கிண்டினாள். "பொய்யின்னும் இல்ல, குவிரினோ. பழசு" என்றாள். "பாப்பா என் பக்கத்துலதான் தூங்குது. நான் எந்திரிச்சா அழுவுது."

ஒரு வயதுக் குழந்தையோடு அழுகையில் போட்டி போட என்னால் ஆகாது.

"விறகு நிறைய இருக்கு" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"நீ எரி. என் அடுப்பையும் பாத்துக்கோ, சாவிதான் கதவுலயே இருக்கே." பிறகு, "சூப்புல உப்புக் கம்மி" என்றாள்.

நாலு மணிக்குப் பஸ் ஹாரன் அடித்தது. என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கோட்டை மாட்டினாள். குழந்தை பாட்டியை "நோன்னா" என்று கூப்பிடப் பார்க்கிறது, "நோ" வரைக்கும் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை உருவினாள், கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அவள் பார்க்கவே இல்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. ஆறாவது மாடியில் ஒரு வருடம் பழகிய கை.

கத்தியிருக்கலாம். நாலடி தூரம்தான். ஆனால் எங்கள் ஊரில் சாவியை உருவும்போது யாரும் பேசுவதில்லை. என் கையும் அதுபாட்டுக்குத் தொப்பிக்குப் போயிற்று. கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவள் திரும்பிக் கையசைத்தாள்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது.

"குவிரினோ! என் பையில என்ன இருக்கு தெரியுமா? ஐயோ, உருவிட்டேன்யா! செத்தவ வீடு மாதிரி! நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன பண்ணின?"

"தொப்பியைக் கழட்டினேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். கடைசியில் அது சிரிப்பாக இல்லை.

"தபால்ல அனுப்பறேன்."

"வேணாம். பனி விழுந்தாத் தபால்காரன் ஏறமாட்டான். வரும்போது கொண்டா."

"எப்ப வர்றது?"

"பட்டத்தை மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணுமாம். அப்ப வா, பஸ்ஸுக்குக் காசு கேக்கமாட்டாங்க."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள். நான் ஜன்னலுக்கு வந்தேன். நான் மூட்டிய நெருப்பு பூட்டிய வீட்டுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி.

நவம்பரில் பித்தளைப் பலகை வந்தது. 'உயிருள்ள' என்ற வார்த்தை மட்டும் கொஞ்சம் பெரிது. அடுத்த நாள் முதல் பனி. கதவைத் திறந்தால் எதிரே அந்த வெறும் துளை என்னையே பார்த்தது. பொறுக்க முடியவில்லை. என் கதவிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் அவள் பூட்டில் சொருகினேன். உள்ளே போயிற்று. திரும்பவில்லை. தொங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்து அவள் வாசல் பனியைத் தள்ளினேன். எனக்கு எதற்குச் சாவி? என்னிடம் உப்புக் கேட்டு வர யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலையில் எர்மெதே ஆடுகளோடு சந்தில் இறங்கினார். என் கதவைப் பார்த்தார். நின்றார். தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து, சற்று நேரம் அப்படியே இருந்தார். நான் மேல் ஜன்னலிலிருந்து பலமாக இருமினேன். இரண்டு முறை.

அவருக்குத்தான் காது கேட்காதே.