ஒற்றைப்படை

"எந்தப் பட்டன் எதுக்குன்னு நீ முடிவு பண்ணப் போறியா, இல்ல அப்பாவைக் கேட்டுட்டு வரியா?"

ரிமோட் கடைக்காரர் அவளிடம் இதைக் கேட்டு ஏழு மாதமாகிறது. கூடத்தில் அப்பா கிடந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. கையிலிருந்த நாற்காலி டிவி மேசையில் இடித்தது. மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டியையும், அதிலிருந்து சுவரோரமாகச் சமையலறைக்கு ஓடும் வெள்ளைக் கம்பியையும் அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. அறுந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது.

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் ரிமோட்டை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. இதோ, கைக்குள்ளதான் இருந்துச்சு. பெல்லுகூட அடிக்கல."

"குடுத்து வச்சவரு" என்றார்கள் வந்தவர்கள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இவளும்தான். பெத்த பிள்ளைங்க எல்லாம் இப்படியா பாக்குது இந்தக் காலத்துல?" என்றார்கள்.

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சட்டைப் பையில் காலையிலிருந்து ஒரு சின்ன ரிமோட் கிடந்தது. ஒரே ஒரு பட்டன் உள்ளது. சமையலறைச் சுவரில் இருக்கும் பெல்லோடு வந்தது. அம்மாவின் கையிலிருப்பதும் இதுவும் இரண்டு நிமிடம் சேர்ந்து கிடைத்தால் போதும். அந்த இரண்டு நிமிடம் நேற்றிலிருந்து கிடைக்கவில்லை.

அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போனபின் வீட்டில் நான்கு ரிமோட்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. டிவிக்கு ஒன்று, சேனல் பெட்டிக்கு ஒன்று, விளக்கு வைத்த மின்விசிறிக்கு ஒன்று, பெல்லுக்கு ஒன்று. இடது கையால் ஒன்றை எடுத்தால் மற்றது கட்டிலுக்கடியில் விழும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவரோடு இருந்த அவளுக்கு, கட்டிலுக்கடியில் நுழைந்து வருவதே ஒரு வேலையாக இருந்தது.

கடைக்காரர் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது கண்ணாடி முகம் கொண்டது. "தொட்டாப் போதும்மா" என்றார்.

"தடவினாத் தெரியணும்" என்றாள் அவள். கடையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அடுத்ததில் ஐம்பது பட்டன்கள். அவரே அதைத் தள்ளி வைத்தார். "இது வேணாம். இதை வச்சு ஏரோப்ளேனே ஓட்டலாம்."

மூன்றாவது உள்ளங்கை அகலம். மேடாக எழும்பிய எட்டு ரப்பர் பட்டன்கள். ஒன்று மட்டும் சிவப்பு. "இதுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சொல்லிக் குடுத்தாக் கத்துக்கும்" என்றவர், விசிறியின் ரிமோட்டையும் இதையும், இரண்டு ஆடுகள் முட்டிக்கொள்வதுபோல் தலையோடு தலை வைத்தார். மூலையை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். பொட்டு விளக்கு சிமிட்டியது. இங்கே ஒன்றை அழுத்தினார், அங்கே ஒன்றை அழுத்தினார். "கத்துக்கிச்சு. இனிமே மறக்காது. பேட்டரியைக் கழட்டினாலும் மறக்காது. நீயா மாத்தினாத்தான் மாறும்."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்பாவைக் கேக்கறேன்" என்றாள்.

கேட்டாள். இரண்டு நாள் ஆயிற்று. இடது கட்டைவிரல் எழுந்தால் சரி, படுத்தால் வேண்டாம். சத்தம் கூட்டுவது மேலே, குறைப்பது கீழே, விசிறி பக்கத்தில். பெல்லை அவள் ஓர் ஓரத்தில் வைத்திருந்தாள். விரல் படுத்தது. எங்கெங்கோ மாற்றிக் காட்டியும் படுத்தே கிடந்தது. சிவப்பைத் தொட்டபோது எழுந்தது. கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடம் அது. அப்பா முப்பத்தோரு வருடம் இரும்புக் கிடங்கில் க்ரேன் ஓட்டியவர். அந்த உயரத்துக் கூண்டிலும் ஹாரன் அங்கேதான் இருந்தது, சிவப்பாக.

பெல் கூடத்திலிருந்து சமையலறைக்குக் கேட்க, கடைக்காரர் வீட்டுக்கே வந்து கறுப்புப் பெட்டியை ஒட்டிக் கம்பி இழுத்துக் கொடுத்தார். "இந்தக் கதிர் சுவர் தாண்டாதும்மா" என்றார். சமையலறையில் பெல் அடித்தது அப்பாவுக்குக் கேட்கவில்லை. கிடங்கு இரைச்சலில் அவர் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. அழுத்துவார், அவள் வருவாள். அவருக்கு அதுதான் பெல்.

முதல் மாதம் தண்ணீருக்கு, தலையணைக்கு, மூக்கில் உட்கார்ந்த ஈக்கு. பிறகு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. வந்து நின்றால் ஒன்றும் கேட்க மாட்டார். பார்ப்பார். அவளும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். தட்டில் கை வைத்தால் சரியாக பெல் அடிக்கும். நின்றுகொண்டே சாப்பிடப் பழகினாள். ஆறிப்போனதைச் சாப்பிடப் பழகினாள்.

நேற்று மதியம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அவள் சூடாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெல். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி பெல். மூன்றாவது தடவை போனபோது விசிறி ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். தலையோடு தலை வைத்தாள். மூன்று எண்ணினாள். சிவப்புப் பட்டனுக்கு விசிறியில் இருக்கும் விளக்கைக் கற்றுக்கொடுத்தாள். அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"அப்பா, இனிமே இதை அமுக்கினா மேல லைட் எரியும்" என்று காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "லைட் எரிஞ்சா நான் கேட்டுட்டேன்னு அர்த்தம். வந்துக்கிட்டே இருக்கேன்னு அர்த்தம்."

கட்டைவிரல் மெதுவாக எழுந்தது.

ஒரு மணி நேரத்துக்குத்தான். பிறகு பழையபடி மாற்றிவிடலாம் என்றிருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். சுவரில் தலையைச் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது. கையில் ஒட்டியிருந்தது காய்ந்து இழுத்தபோதுதான் விழித்தாள். மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

கூடத்தில் ஜன்னல் நிறைய வெயில். அந்த வெயிலிலும் விசிறியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு தடவை அழுத்தினால் எரியும். இன்னொரு தடவை அழுத்தினால் அணையும். எரிந்துகொண்டிருந்தது என்றால், ஒன்று. அல்லது மூன்று. அல்லது ஐந்து.

அவள் முதலில் விளக்கைத்தான் அணைத்தாள். பிறகுதான் அப்பாவைத் தொட்டாள்.

"ஊமக்கோட்டான், எவ்வளவு நேரமா இங்கயே நிக்கிறே?" என்று அக்கா சமையலறைக்குள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலியாமே நீ. இந்தா, இந்த பன்னையாவது தின்னு."

"அக்கா."

"என்னடி?"

"நேத்து நான்..."

"நீ ஒண்ணும் நினைச்சுக்காதே. டாக்டரே சொல்லிட்டாரில்ல, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னு. நீ பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." அக்கா அவள் வாயருகே பன்னை நீட்டினாள். அவள் கடித்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

கூடத்தில் கிடங்கு ஆட்கள் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். அப்பாவை அவர்கள் உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முப்பது வருஷம் எங்க தலைக்கு மேலயே உக்காந்திருந்தான் உச்சாணி. இப்பவும் அங்கயே போயிட்டான்" என்றார் ஒருவர். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"அவன் ஹாரன் அடிச்சா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடுவோம்மா" என்றார் இன்னொருவர். "மத்தவனுங்க சும்மாச் சும்மா அடிப்பானுங்க. இவன் காரணமில்லாம அடிக்கவே மாட்டான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாம் சொல்லியாச்சுன்னா எடுத்துடலாம். அம்மா கையில என்னது?" என்று கேட்டார்.

"இது அவரோடயே போகட்டும். ஏழு மாசமா இதுதான் அவரு வாய்" என்றாள் அம்மா.

"போகட்டும்மா. ஆனா பேட்டரி கூடாது, உள்ள வெடிச்சிடும். கழட்டிக் குடுத்துடுங்க."

"குடும்மா, நான் கழட்டறேன்." அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டும் கொடுக்காத அம்மா, இப்போது கையை நீட்டினாள். அவள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சமையலறைக்குப் போய் இரண்டு நிமிடம். பழைய இடத்துக்கு பெல் வந்துவிடும்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ரிமோட் கடைக்காரர் உள்ளே வந்தார்.

பெட்டியருகே கைகட்டி நின்றார். பிறகு அம்மாவிடம் குனிந்தார். "பெல்லு அடிக்கலன்னு டீக்கடையில சொன்னாங்கம்மா. நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. கம்பி எங்கயாவது விட்டுப் போயிருந்துச்சோ என்னவோ. நான் மாசம் ஒரு தடவை வந்து பாத்திருக்கணும். என் மேலதான் தப்பு."

"ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பண்ணிக் குடுத்தவன் நான்தானே."

"கம்பி நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்றாள் அவள்.

அவர் திரும்பினார். "நீ பாத்தியா?"

தலையை ஆட்டினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. கிடங்கு ஆட்கள், அக்கா, வண்டி ஓட்டுநர், எல்லோரும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

"இதை நீங்களே கழட்டிடுங்க" என்று அம்மா ரிமோட்டை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

அவர் அதை வாங்கி வேட்டி நுனியால் துடைத்தார். பின்மூடியில் நகத்தை வைத்தவர், நிறுத்தினார். எந்தப் பொருளையும் ஒருமுறை இயக்கிப் பார்க்காமல் திறக்காத கை அது. டிவி மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியை நோக்கி நீட்டிச் சிவப்புப் பட்டனை அழுத்தினார்.

பெல் அடிக்கவில்லை.

தலைக்கு மேலே ஏதோ வெளிச்சமானதை உணர்ந்து அவர் நிமிர்ந்தார். விசிறியில் விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். அணைந்தது. இன்னொரு தடவை. எரிந்தது.

அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள். கிடங்கு ஆட்கள் பூமாலையை யார் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். அதன் மூலையைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் நின்றவளைப் பார்த்தார். அவள் ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க அவளால் முடியவில்லை.

"கம்பி சரியா இருக்குங்களா?" என்று அம்மா முகத்தைத் தூக்காமலே கேட்டாள்.

அவர் அம்மாவின் தோளைத் தொட்டு, பேட்டரிகளைக் கழற்றிய ரிமோட்டை அவள் மடியில் வைத்தார்.

"பட்டப்பகல்ல யாரு லைட்டைப் போட்டது?" என்றாள் அக்கா. "அணைச்சு விடுடி."

சுவிட்ச் அவளுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. அவள் அசையவில்லை. கடைக்காரர் நாற்காலிகளுக்கு நடுவே ஒதுங்கி அவளிடம் வந்தார். அவள் உள்ளங்கையில் இரண்டு பேட்டரிகளையும் வைத்தார். அம்மாவின் கைச்சூடு இன்னும் அவற்றில் இருந்தது.

"அண்ணா" என்றாள்.

அவர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். வலது செருப்பில் இடது காலை நுழைத்து, எடுத்து, சரியாக மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கித் தெருவில் நடந்தார்.