ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வம்சம்

என் மகளைப் பயிற்சியாளர் உயரம் தாண்டுதலில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், காலைப் பாருங்கள் என்கிறார். வீட்டில் நாங்கள் எல்லோரும் குள்ளம், அவள் ஒருத்திதான் உயரம். அதனால் அவளுக்குப் பெயரே நெட்டை. ஆனால் நெட்டைக்கு ஆசையெல்லாம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில். தாண்டுவது என்றாலே வேப்பங்காய். வியாழக்கிழமை போட்டிப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அதற்குள் மாற்றாவிட்டால் இந்த வருடம் முழுக்கக் கம்பியைத் தட்டிவிட்டு மெத்தையில் விழுந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டார், அவ்வளவுதான். மலைக்காரர்களுக்கு மூச்சு, கடலோரத்துக்காரர்களுக்குத் தோள் என்று மனிதர்களைக் கூறு போட்டு வைத்திருந்தார். ஓட்டம் ரத்தத்தில் வர வேண்டுமாம். வருகிறதா என்று பார்க்க மூன்று பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். மூன்று தலைமுறையில் யார் என்ன உயரம், யார் ஓடினார், யாருக்குத் தம் அதிகம் என்று எழுத வேண்டும்.

நான் தையற்காரி. இருபது வருடமாக அளவு எடுக்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு கையும் ஒரே நீளமாக இருந்து நான் பார்த்ததில்லை. இதில் ஒரு மலைக்கே ஒரே அளவா என்று கேட்க நாக்கு துடித்தது. காரியம் ஆக வேண்டுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு படிவத்தை வாங்கி வந்தேன்.

அன்று மாலை என் கடையில் வெட்டுமேசையைச் சுற்றிக் குடும்பம் கூடியது. கணவர் பஸ் ஓட்டப் போயிருந்தார், பிழைத்தார். நாத்தனார் தன் தாத்தா ஒரே நாளில் நாற்பது மைல் நடந்ததை எழுதச் சொன்னாள். என் தம்பி விடுவானா? எங்கள் பெரியப்பா மூச்சு விடாமல் பதினெட்டு பலூன் ஊதியவர், தம் எங்கள் பக்கத்துச் சொத்து என்றான். நெட்டையின் உயரத்துக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு நெட்டை மாமாவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். படிவத்தில் இடம் போதாமல் துணிக்கணக்குத் தாளைக் கிழித்து ஊசி குத்திச் சேர்த்தோம். நானும் சும்மா இருக்கவில்லை, என் அம்மாவின் கெண்டைக்காலை எழுதினேன். நெட்டை மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி தலையைக் குனிந்தே இருந்தாள்.

மறுநாள் நானும் நெட்டையும் போய்க் கொடுத்தோம். தாள்களைப் படிக்கப் படிக்கப் பயிற்சியாளருக்கு முகம் மலர்ந்தது. "நீங்க படி ஏறி வந்தப்பவே நெனச்சேன்மா. பொண்ணுக்கும் அப்படியே உங்க நடை. ரத்தம் எங்க போகும்?" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

நெட்டைக்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், இது அத்தனையும் தப்பு. நான் தத்துப் பிள்ளை. பதினோரு மாசத்துல என்னை எடுத்துட்டு வந்தாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறைத்த விஷயம் இல்லை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும், உறவில் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் மூன்று பேர் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம், ஒருவருக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை.

"ஏம்மா, இதைச் சொல்லவே இல்லையே?" என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார்.

"மறந்துட்டேன் சார்."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம்தான் வந்தது. ஆனால் பயிற்சியாளர் பேனாவை மூடிவிட்டார். போச்சு, வாயால் கெட்டாள் என்று நினைத்தேன்.

நெட்டை அசரவில்லை. அப்பாவின் எட்டேகால் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார், கட்டின பெண்டாட்டிக்காகக்கூட. நானோ ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அந்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறோம். பாலத்து நெரிசலில் அது ஊர்ந்து போகும், மூன்றாவது நிறுத்தத்தில் பிடித்துவிடுவோம்.

"மூணாவது ஸ்டாப் எவ்வளவு தூரம்?"

"ஒன்றரை கிலோமீட்டர் சார். ஒரு தடவை ஓட விட்டுத்தான் பாருங்களேன்."

 அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். ஏற்கெனவே அந்த ஓட்டத்தில் இருந்த பெண்களோடு அவளை ஓட விட்டார், அவர்களில் இரண்டு பேர்தான் அவளுக்கு முன்னால் வந்தார்கள். நாலு பேருக்கு இடம் இருந்தது, பட்டியலில் பெயர் மாறியது. படிவத்தை நாத்தனாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்ன இருந்தாலும் தாத்தாவின் நடை வராமல் போகுமா என்றாள். அவளைத் திருத்த முடியாது.

மறுநாள் காலை நாங்கள் வழக்கம்போலத் தாமதமாகத் தெருமுனைக்கு ஓடினோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. மணி எட்டு பதினேழு. கணவர் எங்களைப் பார்க்காததுபோல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை அவர் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள்.

"கிளம்புங்கப்பா. பயிற்சி கெடுது."

நான் ஏறிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக உட்கார இடம் கிடைத்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தேன். முழங்கையை வெளியே தள்ளி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அசல் என்னைப் போலவே ஓடி வந்துகொண்டிருந்தாள்.