சோவியத் கடற்படையும் உடுப்புக் கயிறும்

1.

இந்தக் கதை கனடாவில், மில்லிக்கன் பக்கம், கோழியிறைச்சி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் பிறந்தது. சோவியத் ஒன்றியம் உடையாமல் இருந்திருந்தால் பசிபிக்கில் யார் கை ஓங்கியிருக்கும் என்று நான் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே சோற்றுப்பெட்டியைத் திறந்த பாலேஸ்வரி, "அந்தக் கடலாலதான் அண்ணை நான் வந்தனான்" என்றாள்.

முதல் தொடக்கம்: விளாடிவொஸ்தொக் துறைமுகத்தில், விடியற்பனியில், கம்பீரமாக அணிவகுத்து நின்ற போர்க்கப்பல்கள்

(வெட்டிவிட்டேன். நான் மூட்டை சுமந்து வளர்ந்த துறைமுகத்தில் எந்தக் கப்பலும் கம்பீரமாக நின்றதில்லை. துருக் கறள் சுரண்டுவார்கள், எண்ணெய் கேட்டுக் கத்துவார்கள். கடற்படையின் பலத்தில் பாதி பீரங்கி. மீதி, இயந்திர அறையில் வேர்த்து ஒழுகுகிறவன்.)

2.

நடந்தது இது. பதினைந்து வருடங்களுக்கு முன், இரண்டு வயது அட்சயாவோடு பாலேஸ்வரி ஓர் ஓட்டைச் சரக்குக் கப்பலில் கனடாவுக்கு வந்தாள். மேல்தளத்தில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுவார்கள். தூரத்தில் ஏதாவது தெரிந்தால் மாலுமி கத்துவான். உடனே உடுப்புகளை அள்ளிக்கொண்டு கீழே ஓட வேண்டும். ஆட்கள் இருப்பது தெரியக் கூடாது. அப்படி ஒளித்துத்தான் கரை சேர்ந்தார்கள்.

என் கதையில் சோவியத் உடையவில்லை; அதே கடலில் போர். சோவியத் நீர்மூழ்கிகளுக்குக் கட்டளை: சரக்குக் கப்பலை அடி, சனம் ஏறிய கப்பலை விடு. போர் மூண்ட செய்தி பாலேஸ்வரியின் கப்பலுக்கு எட்டவில்லை. கடற்படையின் பலத்தை உங்களுக்குக் காட்ட ஒரு கப்பல் தாழ வேண்டியிருந்தது. அவளுடையதை எடுத்தேன்.

3.

பாலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப என்னைத் தாட்டுப்போட்டியள்."

"கதையிலதானே, பிள்ளை."

"ஓம், உங்களுக்குக் கதை. அட்சயா உதில செத்தால், போன கிழமை ஒஷாவாவில கார் பழகப்போய் வேலியை இடிச்சது ஆர்? உங்கட ரஷ்யனே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவன் ஏன் அண்ணை அடிக்கிறான்?"

"வெறும் சரக்குக் கப்பல் எண்டு நினைச்சு."

"ஏன் அப்பிடி நினைக்கிறான்?"

சோற்றுப்பெட்டியை மூடியபடி அவளே சொன்னாள்: "நாங்கள் உடுப்பை எடுத்துப்போட்டம்."

4.

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நீர்மூழ்கியின் இயந்திரம் பழுதாகி நின்றுவிடுகிறது. (பொய். இயந்திரம் நம் வசதிக்கு நிற்பதில்லை; எங்கள் பொதி இயந்திரத்தைக் கேளுங்கள்.) இன்னொன்றில் தளபதி மனமிரங்கி

(எதைப் பார்த்து இரங்குவான்?)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். நீர்மூழ்கியின் பார்வைக்குழாய் அலைக்கு மேலே வருகிறது. மாலுமி கத்துகிறான். எல்லாரும் உடுப்புகளை அள்ளுகிறார்கள். கயிற்றில் மிஞ்சியிருப்பது அட்சயாவின் மஞ்சள் சட்டை. அதில் பாலேஸ்வரியின் கை. எடுத்தால்தான் தப்பலாம் என்று பழகிய கை. விடச் சொல்லி நான் எழுதலாம். ஏன் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதே.

"கையை அதில வைச்சபடி எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று, இதை வாசித்துக் காட்டியபோது பாலேஸ்வரி கேட்டாள். வேலை மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு போனவள், கதவடியில் திரும்பினாள். "அண்ணை, அண்டைக்கு நல்ல காத்து எண்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். அன்றைக்கு நல்ல காற்று. சட்டையைக் கையிலிருந்து பறித்து, எல்லாரும் பார்க்கக் கப்பலின் ஓரக் கம்பியில் மாட்டிவிடக்கூடிய காற்று. கம்பிப் பக்கம் வீசியதா, கடல் பக்கம் வீசியதா என்பதை நான் எழுதவில்லை. அது உங்கள் பொறுப்பு. பாலேஸ்வரி நாளைக்கும் வேலைக்கு வர வேண்டும்.