கடிதம் காணும்

"இந்த வாரம் நான் டென்மார்க்காரன், அண்ணே."

"போன வாரம்?"

"ஜப்பான்காரன். எதையும் அடிச்சு முடிக்காம திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கணும். அதுக்கு முந்தி மூணு மாசம் மலேசியாக்காரன். டென்மார்க்காரன்னா லேசு. உசரமா இருக்கிறதா நெனச்சுக்கிட்டு ஓங்கி அடிச்சாப் போதும்."

"அப்ப நீராய் நீர் விளையாடுறது எப்ப?"

"நானா?" அவன் சிரித்தான். "அத யாருண்ணே கேட்டா?"

நான் அவனுடைய ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். மெல்பேர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில் எங்கள் பட்மின்டன் கழகத்தின் சாமான் அறை அது. 1976 மார்ச், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பகலில் நான் கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளன். பின்னேரங்களில் கழகத்துக்கு நரம்பு கட்டுவேன், ஆள் குறைந்தால் கோட்டு நடுவராகக் கதிரையில் குந்துவேன். அரியரத்தினம் என்ற என் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. ஆரி என்றால் முடிந்தது.

அவன் வடமலை. இந்தோனேசியாவில் மேடான் நகரத்துத் தமிழன், வயது இருபத்தாறு. சிட்னியில் மூன்று நாள், மெல்பேர்னில் ஒரு வாரம் என்று காட்சி ஆட்டம் ஆட வந்த குழுவில் இரண்டாவது ஒற்றையர் வீரன் என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்தார்கள். அவன் உத்தியோகம் அதுவல்ல. பதினெட்டு வயதில் அவனை ஜகார்த்தா பயிற்சி முகாமுக்கு எடுத்துப் போனார்கள். எட்டு வருடமாக அவர்களுடைய சம்பியன் ஹர்சோனோவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறான். ஹர்சோனோ அடுத்து யாரோடு மோதப் போகிறானோ அவனைப்போல வடமலை விளையாடிக் காட்ட வேண்டும். நன்றாக விளையாடி, கடைசியில் தோற்க வேண்டும்.

ஒருமுறை தோற்க மறந்து போனான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சி ஆட்டம்தான், பார்க்க ஒருவரும் இல்லை. ஆனாலும் குழு மனேஜர் அவனைச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் ஐந்நூறு தடவை குந்தி எழும்ப வைத்தார். ஹர்சோனோ பக்கத்தில் இருந்து நிலக்கடலை உடைத்துத் தின்றுகொண்டு எண்ணினான். இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்று சொல்லி ஒன்றிலிருந்து தொடங்கினான். வலது முழங்கால் அன்றைக்குத் தொடங்கியதுதான். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஊசி.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்குமாம்?"

"மெதுவா ஆடினா இருவது வருசங்கூடத் தாங்கும்ங்கிறாரு சிட்னி டாக்டரு. நெசமா ஆடினா ஒரு மேட்ச்."

சொல்லிவிட்டுக் காலை நீட்டி வைத்துப் பார்த்தான், வேறு யாருடையதோ போல.

இந்தப் பயணத்தோடு முகாமில் அவன் கணக்கு முடிகிறது. சூரபாயாவில் புதிதாக ஒருவனைப் பிடித்துவிட்டார்களாம், அவன் சீனாக்காரரைப் போலவும் விளையாடுவானாம். மேடானுக்குத் திரும்பினால் வடமலைக்குத் தெரிந்த தொழில் ஒன்றும் இல்லை. எட்டு வருடம் மற்றவர்களாக இருந்தவனை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்?

எங்கள் கழகத்துக்கு ஒரு பயிற்சியாளர் தேவைப்பட்டது. நான்தான் தலைவர் டோபினிடம் பேச்செடுத்தேன். கழகம் வேலை கொடுக்கிறது என்று ஒரு கடிதம் இருந்தால், குடிவரவு இலாகாவுக்குக் கொண்டு போகலாம், மனேஜரின் பெட்டிக்குள் கிடக்கும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கேட்கலாம். டோபின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உன்னுடைய ஆள் இதுவரை யாரை வென்றிருக்கிறான்?"

நான் கையில் இருந்த நரம்புச் சுருளை மேசையில் வைத்தேன்.

"தோற்கிறவனிடம் பாடம் கேட்க யார் பிள்ளையை அனுப்புவார்கள், ஆரி? சனிக்கிழமை அந்தச் சம்பியனை வெல்லட்டும். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

சனிக்கிழமை ஆட்டத்துக்கு மனேஜரின் உத்தரவு வேறு. மூன்று செட்டும் போக வேண்டும், சனம் டிக்கெட் எடுத்து வருகிறது. மூன்றாவது செட்டில் வடமலை பதினொரு புள்ளிக்கு மேல் எடுக்கக் கூடாது.

டோபின் சொன்னதை நான் அவனிடம் சொன்னதும் வடமலை ராக்கெட்டை வாங்கி நரம்பைக் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"கடுதாசி மட்டும் முன்னாடியே கெடச்சிட்டா, அவங்க சொன்னபடி தோத்துட்டு, காலையும் காப்பாத்திக்கிட்டு, நைசா வெளியே வந்துரலாம்," என்றான். "இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்கண்ணே. கெடைக்கலன்னா நெசமா ஆடிற வேண்டியதுதான்."

"வெல்லுவீரோ?"

"ஹர்சோனோ எங்க தப்புப் பண்ணுவான்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சனி காலை பத்து மணிக்கு அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு நான் தொலைபேசி எடுப்பதாக ஒழுங்கு. "பக்கத்துல மனேஜர் நிப்பாரு," என்று எச்சரித்தான். "அவரும் மேடான்ல பொறந்தவரு. கடத்தெருத் தமிழ் காதுல விழும். வெளையாட்டு, ஜெயிக்கிறது, வேணாம், பாஸ்போர்ட்டு, ஒண்ணும் பேசாதீங்க. கடுதாசி பத்தி மட்டும் ஒத்த வார்த்தை. கடிதம்னு சொல்லுங்க, அது அவருக்குப் புரியாது."

அன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். என் மனைவி சிவனேஸ்வரி மீன்குழம்பு வைத்திருந்தாள். எனக்குச் சோறு போட வந்தவளின் கையைத் தடுத்து, "காணும், காணும்," என்றேன். வடமலை சட்டென்று குனிந்து மேசைக்கடியில் பார்த்தான்.

"என்னண்ணே காணும்? ஸ்பூனா?"

சிவனேஸ்வரி புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தாள். பகிடி விடுகிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். "தம்பிக்கு இன்னும் ஒரு துண்டு மீன் போடும்," என்றேன். பேச்சு மீனுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டோபினே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கடித உறை. சிட்னிக் கழகம் ஒன்று வடமலையைப் பற்றி விசாரித்திருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு நாளாக வேண்டாதவன் ஒரு காலையில் வேண்டியவனாகிவிட்டான்.

"இதை அவனிடம் கொடு. வெல்ல வேண்டாம் என்று சொல். காலைப் பார்த்துக்கொள்ளச் சொல். உடைந்த பயிற்சியாளரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது?"

கடிதத்தை நான் வாசித்தேன். சனிக்கிழமைத் தேதி, கீழே அவருடைய பெரிய கையெழுத்து. மருத்துவப் பரிசோதனையில் தேறினால் என்று நடுவில் ஒரு வரி. பத்து மணிக்கு எண்களைச் சுழற்றினேன். மணி அடித்து, யாரோ ஆங்கிலத்தில் பேசி, பிறகு அவன் குரல்.

"சொல்லுங்கண்ணே."

மறுமுனையில் மனேஜரின் இருமல் கேட்டது. அவன் சொன்ன சொற்களில் ஒன்றும் நாக்கில் வந்துவிடக் கூடாது என்பதிலேயே என் முழுக் கவனமும் இருந்தது. கடிதமே போதும், வேறொன்றும் தேவையில்லை. அதை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது?

"கடிதம் காணும், தம்பி," என்றேன். "விளங்குதே? கடிதம் காணும்."

இருமல் மறுபடி கேட்டது.

"சரிண்ணே," என்றான். "அப்ப நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டான். நான் சிவனேஸ்வரியிடம் போய், "கெட்டிக்காரன், உடனே பிடிச்சிட்டான்," என்றேன்.

மண்டபத்தில் எண்ணூறு பேர். வீரர்களின் அறைக்குள் எவரையும் விடவில்லை. நான் பின்கோட்டு நடுவரின் கதிரையில் இருந்தேன். அவன் கோர்ட்டுக்குள் வந்ததும் என்னைத் தேடினான். நான் சட்டைப் பையை இரண்டு முறை தட்டிக் காட்டினேன். கடிதம் இங்கேதான் இருக்கிறது என்று. அவன் என் கையையே பார்த்தான். பிறகு குனிந்து, கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினான்.

முதல் செட் ஹர்சோனோவுக்கு, பதினைந்துக்கு ஒன்பது. இரண்டாவது வடமலைக்கு, பதினைந்துக்குப் பன்னிரண்டு. அதுவரை உத்தரவுப்படிதான். ஹர்சோனோ வலைக்கருகில் வந்து ஏதோ சொல்ல இரண்டு பேரும் சிரித்தார்கள். கூட்டம் கைதட்டியது.

மூன்றாவதில் வடமலை பதினொன்றை எட்டியபோது மனேஜர் கையில் இருந்த பத்திரிகையை மடித்து முழங்காலில் வைத்தார். பன்னிரண்டு. ஹர்சோனோ சிரிப்பதை நிறுத்தினான். நான் அந்த வாரம் முழுதும் பார்த்த ஆட்டம் அல்ல அது. டென்மார்க்கும் இல்லை, ஜப்பானும் இல்லை. ஓங்குவான், கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் தளர்த்திவிடுவான், இறகுப்பந்து வலைக்கு அந்தப்பக்கம் செத்து விழும். ஹர்சோனோ எங்கே ஓடப் போகிறான் என்று அவனுக்கு முன்பே இவனுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வருடம் எதிரில் நின்று படித்தது.

எனக்குக் கோபம் வந்தது. கடிதம் கிடைத்த பிறகும் ஏன் இந்த வீம்பு? கால் போகப் போகிறது, விடு, விடு என்று மனதுக்குள் கத்தினேன். பையை மறுபடி தட்டினேன். அவன் கண்டான். கண்டதும் இன்னும் வேகமாக ஓடினான்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. ஹர்சோனோ இப்போது காலைக் குறிவைத்தான். முன்னால் ஒன்று, பின்மூலைக்கு ஒன்று, மறுபடி முன்னால். எந்தக் கால் என்று அவனுக்கும் தெரியும், எண்ணியவன் அல்லவா. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர், "அந்தக் கறுவல் நொண்டுகிறான், வலதுபக்கம் போடு," என்று உற்சாகமாகச் சொன்னார்.

வடமலைக்குப் பதினான்கு.

கடைசிப் பந்து என் கோட்டுக்கு வந்தது. வடமலை பின்னால் பாய்ந்து, முதுகை வளைத்து அடித்தான். காய்ந்த கம்பு முறிகிறது போல ஒரு சத்தம். பந்து எதிர்மூலைக் கோட்டில் விழுந்தது. அங்கிருந்த நடுவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். உள்ளே. பதினைந்து. வடமலை எனக்கு நாலு அடி முன்னால் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் எழும்பாததைக் கண்ட பிறகும் கொஞ்ச நேரம் தட்டியது. மனேஜர் மெதுவாக நடந்து வந்து, குனிந்து, அவன் மொழியில் ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஞாயிறு பின்னேரம் குழு விமானம் ஏறிவிட்டது. அவனுடைய பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைத்திருந்தார்கள். திங்கள் காலை டோபின் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஆரி, அந்தக் கடிதத்தை நீ அவனிடம் கொடுக்கவில்லைதானே?"

"இல்லை."

"நல்லதாய்ப் போச்சு. நடப்பானாம், ஓட மாட்டானாம். சிட்னிக்காரரும் விட்டுவிட்டார்கள். பின்னேரம் கொண்டு வந்து என் மேசையில் வை. என் கையெழுத்து வெளியில் கிடக்கக் கூடாது."

போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. அவன் கால் இடுப்புவரை மாவுக்கட்டில் உயரத் தொங்கியது. முகம் தெளிவாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மனேஜர் என்ன கேட்டாருன்னு தெரியுமாண்ணே? 'இன்னைக்கு யாராட்டம் வெளையாடின?'ன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல." சிரித்தான். "நீங்கதான் பாத்தீங்க. நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது."

"பத்துப் பந்து நானா அடிச்சேன். கொறஞ்சது பத்து இருக்கும்."

நான் கட்டில் ஓரத்தில் இருக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து உறையின் மூலை வெளியே வந்தது. அவன் கண்கள் அதில் நின்றன.

"வந்துருச்சா?"

"என்ன?"

"கடிதம். அன்னைக்குக் காணும்னு சொன்னீங்களே. ரெண்டு வாட்டி சொன்னீங்க. அங்க வந்தும் பையைத் தட்டித் தட்டி, காலி, காலின்னு காட்டினீங்க. அப்புறம்தானே நெசமா ஆடிற வேண்டியதுதான்னு எறங்கினேன்."

காணும். எங்கள் ஊரில் அதற்குப் போதும் என்று அர்த்தம். நாள் முழுவதும் வாயில் வருகிற சொல். மேசைக்கடியில் குனிந்து கரண்டி தேடியவனின் தலை என் கண்ணுக்குள் வந்தது. அவன் பகிடி விடவில்லை. அவனுடைய ஊரில் அதற்குக் காணவில்லை என்று அர்த்தம். நாங்கள் சிரித்துவிட்டு மீனை வைத்தோம்.

"ஏன்ணே ஒரு மாதிரி இருக்கீங்க? ஜெயிச்சா எழுதித் தாறேன்னாரு. ஜெயிச்சேன், எழுதிட்டாரு. சொன்ன சொல்லக் காப்பாத்துற மனுசன்." கையை நீட்டி உறையை என் பையிலிருந்து அவனே உருவினான். பிரித்தான். வரிகளின் மேல் விரலை ஓட்டி, நடுவில் இருந்த மருத்துவப் பரிசோதனை வரியையும் கடந்து, டோபினின் கையெழுத்தில் கொண்டு போய் நிறுத்தினான். "காலு கெடக்கட்டும். நின்னுக்கிட்டே சொல்லிக் குடுப்பேன். யாரு எப்படி ஆடுவான்னு எனக்குத் தெரியாததா?"

அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் வானொலியைக் குறைத்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

வடமலை தாளை மடிப்புப் போகத் தடவி என் மடியில் வைத்தான். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"இங்கிலீசு எனக்கு வராதுண்ணே. நீங்களே படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. ஒண்ணும் விடாம. மேல போட்டிருக்கிற தேதியிலேருந்து சொல்லுங்க."